வீட்டில் மட்டும் ஏறும் பிரஷர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்க்காமல் உள்ளே கொண்டுபோக மாட்டேன். ஆகவே தலைவலியும் படபடப்பும் ஆரம்பித்தபோது, முதலில் குழாய்த் தண்ணீர் மேல் பழியைப் போட்டேன். ஆற்றில் எதையெல்லாம் கலக்கிறார்களோ, யார் கண்டது? கொதிக்கவைத்துக் குடித்தும் குறையவில்லை. சமையல் எண்ணெயை மாற்றினேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரி மேல் திரும்பினேன். கட்டின மாப்பிள்ளை சவூதி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார், இனி உனக்கென்ன குறை என்று பெருமூச்சு விட்டவள் அவள்தான். மிளகாய் சுற்றிப் போட்டேன். அதற்கும் அடங்கவில்லை.

டாக்டரம்மா பார்த்தபோது பிரஷர் சரியாகவே இருந்தது. வீட்டிலும் ஒரு மெஷின் வாங்கிப் பார்க்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரரோடு இவருக்கு என்ன ஏற்பாடோ என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். வீட்டில் நூற்றறுபது காட்டியது. மெஷின் பொய் சொல்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கையில் கட்டிப் பார்த்தேன். அவளுக்கு ஒழுங்காகக் காட்டியது.

மறுபடி போனபோது டாக்டரம்மா கேட்டார்: "எல்லாருக்கும் இங்கன வந்தாத்தான் ஏறும். ஒங்களுக்கு வீட்டுலல்லா ஏறுது. அங்கன மனசுக்குப் பாரமா ஏதும் இருக்கா?"

ஒன்றுமில்லை என்று வெடுக்கென்று எழுந்து வந்துவிட்டேன். மடியில் கனமில்லாதவளுக்கு எதற்கு அவ்வளவு கோபம்?

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதில்லை. கல்யாணமான நாள்முதல் லீவுக்கு வந்து போனவர், இப்போது நாள் முழுக்க முன்னறையில் இருக்கிறார். கதவு திறந்தால் யார் என்பார். போன் வந்தால் யார் என்பார். ஆளில்லாத அறையில் ஃபேன் ஏன் ஓடுகிறது என்பார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஃபேனை அணைப்பேன். மெஷினைக் கட்டிவிடுவதும் அவர்தான். எண்ணைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார். எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு அது வேறு பயம்.

திடீரென்று ஒருநாள் அம்பாசமுத்திரத்திலிருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். அந்தத் தங்கையோடு அவருக்குப் பெரிதாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என்ன மறைக்கிறார் என்று மனம் அரித்தது. அரித்தபடியே மெஷினைக் கட்டினேன். நூற்றிருபது. மறுநாளும் அப்படித்தான். நன்றாகத் தூங்கினேன், சோறு ருசித்தது. யார் வந்து சேரவேண்டும் என்று இத்தனை வருஷம் தொழுது துஆ கேட்டேனோ, அந்த மனிதர் இல்லாததால் வந்த சுகம் இது. அடுப்படியில் நின்று அழுதேன்.

திரும்பி வந்தவர் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் இல்லாதப்ப எவ்வளவு காட்டுச்சு?"

பொய்தான் முதலில் வாயில் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அதத் தெரிஞ்சுக்கிடத்தான் போனேன்" என்றார். பிறகு, "நான் எங்கன இருந்தா ஒனக்குக் கொறயும், புள்ள?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.