கறுப்பு வயரைக் கழற்றிய பத்து நிமிடம்

பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட காலத்தில் எங்கள் தெருவில் ராசாத்தி மாதிரி ஓடித் திரிந்தவள் நான். யப்பானில் யாரோ ஓடிக் களைத்து விற்ற மின்சாரக் கார் ஒன்று என்னிடம் இருந்தது. அதை வாங்கியபோது சிரித்த நாவற்குடாச் சனமே பிறகு சந்தைக்குப் போக என்னிடம் இடம் கேட்டது. அந்தத் திமிர் கனநாள் நிலைக்கவில்லை. காரின் கம்பியூட்டருக்குக் கிறுக்குப் பிடித்தது. பாதிச் சார்ஜ் இருக்கும்போதே ஒன்றுமில்லை என்று காட்டும். திரையில் விளங்காத எழுத்துகள் வந்து போகும். ஒரு பெண் குரல் யப்பான் மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். புத்தி சொல்கிறாளா, திட்டுகிறாளா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஏறாவூர் மெக்கானிக் திறந்து பார்த்தார். முன்பக்கத்துச் சின்னப் பற்றறி பலவீனமாகிவிட்டது, அதனால்தான் கம்பியூட்டர் தடுமாறுகிறது, புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார். அதுவரை ஓடலாம், ஆனால் ஒரு நிபந்தனை.

"டீச்சர், வழியில மட்டும் ஓஃப் பண்ணிராதீங்க. பண்ணினா திரும்ப எழும்பாது. அப்பிடி நடந்தா கறுப்பு வயரக் கழட்டி, பத்து நிமிசம் விட்டுட்டுப் பூட்டுங்க."

ஸ்பனர் ஒன்றையும் கையில் தந்தார்.

அடுத்த கிழமை, பாசிக்குடாவில் அக்கா வீட்டில் நின்றுவிட்டு ஏழு வயது மகளுடன் திரும்பினேன். நல்ல வெயில். ஏறாவூரைத் தாண்டித் தன்னாமுனையை நெருங்கும்போது அவளுக்கு இழுப்புத் தொடங்கியது. இழுப்புக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்பை அடித்தால் வெறும் காற்று. புதியது வாங்க வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னையே அறையலாம் போல இருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் கால் மணித்தியாலம்தான் என்று அவளுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு விரட்டினேன்.

அப்போது சோதனைச் சாவடி வந்தது. அங்கே நின்ற சிப்பாய் கையை ஆட்டினார். நிற்காமல் போ என்றுதான் ஆட்டினார். அது எனக்கு விளங்குவதற்குள் காரை நிறுத்தி, பொத்தானை அமத்தி, ஓஃப் பண்ணிவிட்டேன். போர்க்காலத்தில் வளர்ந்த கை அது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போகும்போது சாவடிக்கு எவ்வளவோ தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு நடப்போம். நிறுத்தாமல் போன ஒருவருக்கு என்ன நடந்தது என்று கண்ணால் கண்டிருக்கிறேன்.

மறுபடி அமத்தினேன். திரை கறுப்பாகவே கிடந்தது. அந்த யப்பான்காரியும் வாய் திறக்கவில்லை. வீதியில் ஓட்டோ ஒன்றுகூட இல்லை, எல்லாம் எரிபொருள் வரிசையில். அம்புலன்சுக்குப் போன் அடித்தேன், வர அரை மணித்தியாலம் ஆகும் என்றார்கள்.

பொனற்றைத் திறந்து கறுப்பு வயரைக் கழற்றினேன். அந்தக் காலத்தில் டோர்ச் பற்றறி நாலு கூடுதலாகக் கொண்டுபோனாலே விசாரணை. இப்போது துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால் வயரும் பற்றறியுமாகக் குனிந்து நிற்கிறேன். சிப்பாய் கிட்ட வந்து, கண்ணாடி வழியே மகளைப் பார்த்தார். அவருக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற பச்சை இராணுவ ஜீப்பைக் காட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்.

"அக்கா, ஜீப் இரிக்கி. பேபி கொண்டு வா. ஆஸ்பத்திரி போறது."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கழுத்தளவு தண்ணீரில் நின்ற என்னைத் தூக்கி ஏற்றியதும் இப்படியொரு பச்சை வண்டிதான். அன்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். போர் முடிந்த வருடம், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அண்ணனை ஏற்றிக்கொண்டு போனதும் அப்படியொன்றுதான். அண்ணன் இன்னும் வரவில்லை.

வேண்டாம், கார் எழும்பிவிடும் என்றேன். மூன்று நிமிடம் போயிருந்தது. மகளின் விலா உள்ளே இழுபட்டது. உதட்டில் நீலம் பரவத் தொடங்கியது. சிப்பாய் ஜீப்பை உயிர்ப்பித்துக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கதவையும் திறந்துவிட்டார்.

"அம்மா, அதில போவம்."

"கொஞ்சம் பொறு மகள்" என்றேன். வயரைப் பிடித்தபடி, மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இருக்கையில் வைக்க என் கால் அசையவே இல்லை. பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போதும் அசையவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்னைப் பார்த்தே நான் பயந்தேன்.

பத்தாவது நிமிடம் வயரைத் திரும்பப் பூட்டினேன். திரை எரிந்தது. அந்தப் பெண் ஏதோ சொன்னாள். சிப்பாய் ஜீப்பை முன்னால் விட்டு, ஹோர்ன் அடித்து, ஆஸ்பத்திரி வாசல்வரை எனக்கு வழி எடுத்துத் தந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மருந்துப் புகை உள்ளே போகப் போக மகளின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. இவ்வளவு மோசமாகும்வரை ஏன் சுணங்கினீர்கள் என்று டொக்டர் கேட்டார். கார் இடையில் நின்றுவிட்டது, கம்பியூட்டர் பழுது, வேறு வாகனம் கிடைக்கவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

மகள் முகமூடியைக் கையால் தூக்கினாள்.

"ஜீப் இரிந்திச்சி. அம்மாதான் வேணாமெண்டவ."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஓம், நான்தான் என்றேன்.