சங்கு ஊதிய பிறகு ஓர் அடி

“…சங்கு ஊதினாப் பிறகும் ஒராளுக்கு மட்டும் ஆட்டம் முடியேல்லை ஐசே, விளங்குதோ உமக்கு?” என்று அண்ணை கேட்டபோது அவருடைய தட்டில் ஓர் உளுந்து வடை கடிபடாமல் இருந்தது. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் நாங்கள் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடை, தெருவைப் பார்த்த கண்ணாடியோரத்து மேசை. இரண்டு வெறுங்கிளாசுகளைக் கோல் கம்பங்களாக நிறுத்தி வைத்திருந்தார். அவற்றுக்கு முன்னால்தான் அந்த வடை. பனித்தள ஹொக்கியில் பந்து கிடையாது, கறுத்த ரப்பர் வட்டுத்தான். “கருகின வடை எண்டு நினையும்” என்று இந்த விளையாட்டைச் சொல்லித்தந்த முதல்நாளே சொல்லியிருந்தார்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்லர். பக்கத்திலேயே மார்க்ஸ் டோர்மோயில் ஒரே வீட்டில் என்னோடு பல ஆண்டுகள் அறையைப் பங்கிட்டவர். என்னைவிட மூன்று வயதுதான் கூட. மன்னார்ப் பக்கம். எனக்கு உணவகத்தில் வேலை, ஞாயிறு விடுமுறை. அவருக்கு வடக்குப் புறநகரில் ஒரு பனிச்சறுக்குத் தளத்தில் வேலை. ஆட்டக்காரரின் கத்தி வைத்த சப்பாத்துகள் கீறிக் கிழித்த பனியைச் சுரண்டி, மேலே தண்ணீர் விட்டு மழமழப்பாக்கும் பெரிய வண்டியை அவர்தான் ஓட்டுவார். “ஊரிலை வயல் உழுதன், இஞ்சை தண்ணியை உழுறன்” என்பார். மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லும் இப்படியான சொற்களைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். படிப்பு அதிகமில்லாத எனக்கு அவைதான் புத்தகம். அதில் பாதிக்கு மேல் அண்ணை சொன்னவை.

அங்கே விளையாடியது சின்னக் கழகம். சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதி இல்லை. கோலுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு நாற்காலி உண்டு. வட்டு முழுதாகக் கோட்டைத் தாண்டியதா என்று பார்த்துச் சிவப்பு விளக்கைப் போட ஒருவர் அதில் உட்கார வேண்டும். ஒரு நாள் அந்த ஆள் வரவில்லை என்று அண்ணையை இருத்தினார்கள். பிறகு அவரை எழுப்பவேயில்லை. அவரோ பிரெஞ்சு விதிப்புத்தகத்தை அகராதி வைத்து வரி வரியாகப் படித்து முடித்துவிட்டார். எனக்கு ஞாயிறு தவறாமல் பாடம். தன் கோலுக்குள் ஒருவன் தானே தட்டிவிட்டாலும் எதிரணியில் கடைசியாகத் தொட்டவன் பேரில்தான் அந்தக் கோல் எழுதப்படும் என்றார். “எங்கடை ஆக்களின்ரை கலியாணப் பேச்சு மாதிரித்தான். குழப்பிறது சொந்தக்காரன், பேர் தரகருக்கு.” சப்பாத்தில் பட்டுத் தானாகப் போனால் செல்லும், காலால் உதைத்தால் செல்லாது. நடுவரின் மேல் பட்டு நேரே உள்ளே போனாலும் செல்லாது. “கடவுளிலை பட்டுப் போனால்?” என்று ஒருமுறை கேட்டேன். “அது வீடியோவிலை பாக்கவேணும்” என்றார் சிரிக்காமல்.

கலியாணப் பேச்சை வைத்து அவர் பகிடி விட்டாலும் அதற்குள் ஒரு முள் இருந்தது எனக்குத் தெரியும். ஊரில் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் ஒருவர். பேப்பர் கிடைத்ததும் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடி, மறுபடியும் தள்ளுபடி. கடைசியில் பேப்பர் கையில் வந்தபோது அந்தப் பெண் கனடாவில் வேறொருவரின் மனைவி. அண்ணை அதன் பிறகு ஒரு பேச்சுக்கும் சம்மதிக்கவில்லை. ஆண்டுகள் ஓடின. அந்தப் பெண்ணின் கணவர் நோயில் காலமாகி, பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போன பிறகு, அண்ணையின் தங்கை மூலமாக அந்தப் பெண்ணின் குரலில் ஒரு செய்தி வந்தது. “ஒருக்கா வந்திட்டுப் போகலாம்தானே எண்டு கேளுங்கோ.” அவ்வளவுதான். அதை அண்ணை எத்தனை முறை கேட்டார் என்று எனக்குத் தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் காதோடு வைத்துக் கேட்பார். நான் தூங்குவதுபோல் கிடப்பேன்.

ஒரு நாள் சோறு போடும்போது என்னிடம் கேட்டேவிட்டார். “என்ன ஐசே, போறதோ?”

“காலம் போயிட்டுது அண்ணை. இந்த வயசிலை போய் என்னத்தைக் கதைக்கப் போறியள்? சனம் சிரிக்கும்.”

“ஓம்… அதுவும் சரிதான்” என்று கறிச்சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

இதை எழுதக் கை கூசுகிறது. சனம் சிரிப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யாரோடு கதைப்பது என்பதுதான் என் கவலை. அதைச் சொல்லாமல் காலத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டம். இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு நான் வழக்கமான பார்வையாளர் வாங்கில் இருந்தேன். எங்கள் கழகம் ஒரு கோல் பின்னால். கடைசி நொடிகளில் எங்கள் ஆள் ஒருவன் வட்டோடு தனியே பிய்த்துக்கொண்டு ஓடினான். முன்னால் கோல்காப்பாளர் மட்டும்தான். பின்னால் துரத்தி வந்தவன் மட்டையைக் காலுக்குள் கொடுத்து விழுத்தினான். விழுந்த கையோடு முடிவுச் சங்கும் ஊதியது.

சங்கு ஊதினால் இறங்கி ஓடி வண்டியை எடுப்பது அண்ணையின் கால்களுக்குப் பழகிப்போன வேலை. நடுவர் நடுப்புள்ளியைக் காட்டியதை அவர் பார்க்கவில்லை. வாயில் திறந்து, வண்டி உறுமிக்கொண்டு பனியில் ஏறிவிட்டது. மண்டபமே கத்தியது. கழகத்துச் செயலாளர் அம்மா இரண்டு கைகளையும் விரித்து வண்டிக்கு முன்னால் ஓடி வந்து, வழுக்கி, அதன் மூக்கையே பிடித்துக்கொண்டு நின்றார். “இன்னும் முடியவில்லை! விழுந்தவனுக்குத் தனியே கோலடிக்க ஓர் அடி இருக்கிறது!” என்று பிரெஞ்சில் அலறினார். சனம் கைதட்டிச் சிரிக்க, வண்டி பீப் பீப் என்று பின்னுக்குப் போனது. அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நாற்காலிக்கு ஓடினார்.

கடிகாரத்தில் சைபர். வெறும் பனியில் ஒருவனும் கோல்காப்பாளரும் மட்டும். அவன் வந்தான், அடித்தான். காப்பாளரின் கால் கவசத்தில் உரசிய வட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மெல்ல வழுக்கிக் கோட்டைத் தாண்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்டம் சமன். ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்து முடிந்து, கைகுலுக்கி, உள்ளே போன பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தது. அண்ணை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அண்ணை யன்னலைப் பார்த்தபடியே வந்தார். வண்டி விட்ட வெட்கம் என்று நினைத்தேன். “அண்ணை, நாளைக்கு லா சப்பல் முழுக்க இதுதான் கதை” என்று சீண்டியும் பார்த்தேன்.

இப்போது அவர் டொரோண்டோவில். போன மாதமும் போன் எடுத்தார். பின்னணியில் ஒரு பெண்குரல், “தேத்தண்ணி ஆறுது” என்றது. “இஞ்சை நடக்கப் பழகின பிள்ளைக்கும் விதி தெரியும் ஐசே. நான் சொல்லிக்குடுக்க ஒரு ஆளில்லை” என்று குறைப்பட்டார். இங்கே கேட்க நான் இருக்கிறேன், சொல்லத்தான் ஆளில்லை என்று சொல்ல வந்து, இணைப்பு விட்டுவிட்டதுபோல் இருந்துவிட்டேன். ஞாயிறு மாலைகளில் இன்னும் அந்த மேசைக்குப் போகிறேன். பரிமாறுகிற பெடியன் பழக்கத்தில் இரண்டு வடை வைப்பான். ஒன்றைத் தின்பேன். மற்றதை இரண்டு விரலால் சும்மா நகர்த்திக்கொண்டிருப்பேன்.

ஆட்டம் முடிந்து வந்த அன்று மாலையும் நகர்த்தியது விரல்தான். அண்ணையின் விரல். “விளங்குதோ உமக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் வடையை மெல்லத் தள்ளினார். “அந்த ஓர் அடிக்கும் விதி இருக்கு. வட்டு முன்னுக்கு மட்டும் போகவேணும். நிண்டால் முடிஞ்சுது. ரெண்டாந்தரம் அடிக்கேலாது.” வடை இரண்டு கிளாசுகளுக்கும் நடுவால் போய் என் தட்டில் முட்டியது. நான் விளங்காதவன்போல் இருந்தேன். “உதுக்கு இப்ப என்ன?” என்றேன்.

“நான் முடிஞ்சுதெண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயிட்டன் ஐசே” என்றார் அண்ணை. பிறகு கதிரையைப் பின்னே தள்ளி எழுந்தார். மேலங்கியை எடுக்கவில்லை. நெரிசலான தெருவில் ஒரு பேருந்து ஹோர்ன் அடித்ததையும் பொருட்படுத்தாமல் குறுக்கே நடந்தார். எதிர்ப்புறத்தில் விமானச் சீட்டுக் கடையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.