பி.முட்லூரில் இறங்கிவிட்ட கண்டக்டர்

ராஜவேலுவுக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம். சிரிக்காதீங்க. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர் அவர். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதே வேலை. "உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்குது பாருங்க" என்று ஊரையே அடைத்து ஏற்றியவர். ஒரு ஆளைக்கூட ரோட்டில் விட்டுவிட்டு வரமாட்டான் என்று முதலாளிக்குப் பெருமை வேறு. அந்த மனுஷனுக்குத்தான் இப்படி ஆகிப்போச்சு.

எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. பஸ் நிரம்பினால் காது அடைக்கும், உள்ளங்கை வேர்க்கும், யாருக்கு மீதி கொடுத்தோம் என்பதே மறந்துபோகும். ஈசிஜி எடுத்துப் பார்த்தார். ஒண்ணுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். போனில் தேடினாரா, தொலைந்தது! ஒருத்தன் கேஸ் என்றான், ஒருத்தன் பித்தம் என்றான், இன்னொருத்தன் சாவுக்கு நாளே குறித்துவிட்டான். ஒரு வீடியோவைப் பார்த்தால் அதே மாதிரி பத்து வந்து வரிசை கட்டியது. இதற்கு நடுவில் மகள் சுவேதாவுக்குக் காலேஜ் பார்க்கிற நேரம். இதைப் படிக்க வை, அங்கே சேர்க்காதே என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளினார்கள். பஸ்ஸில் ஒரு கூட்டம், சட்டைப் பையில் ஒரு கூட்டம், பாவம் எங்கே போவார்? பொண்டாட்டி தமிழ்ச்செல்வியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? கூட்டம்தானே சோறு போடுகிறது.

அன்றைக்குச் சிதம்பரத்தில் தேர். போதாததற்கு முகூர்த்த நாள். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் படிக்கட்டில் ஆள் தொங்கியது. நாலு பக்கமும் போனை நீட்டினார்கள். "ஜிபே போட்டாச்சுண்ணே, பாருங்க." "பாக்கி அஞ்சு ரூபா எங்க?" "கீழவீதிகிட்ட நிக்குமா?" "அந்தப் பாட்டக் கொறைங்களேன்!" எல்லாரும் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ராஜவேலுவுக்கு மூச்சு தொண்டையோடு நின்றது. செத்துப்போயிடுவேன், இந்த நெரிசலிலேயே நின்ன வாக்குல செத்துப்போயிடுவேன் என்று நினைத்தார்.

பி.முட்லூர் வந்தது. பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர்கள் இறங்கி மாறுகிற இடம். அவர்களுக்கு வழிவிட அவரும் இறங்கினார். வழக்கமாக என்ன செய்வார்? ரெண்டு வாசலையும் பார்ப்பார், ரெண்டு விசில் கொடுப்பார், ஓடிப்போய்த் தொத்திக்கொள்வார். அன்றைக்குக் கால் தரையில் பட்டதும் முகத்தில் காற்று அடித்தது. அப்பாடா! இந்த பஸ் முதலில் கண்ணைவிட்டுப் போய்த் தொலையட்டும் என்று இருந்தது அவருக்கு. ரெண்டு விசில் ஊதினார். வாசலைப் பார்க்கவில்லை. தொத்தவும் இல்லை. விசில் கேட்டால் டிரைவர் எடுத்துவிடுவார். கண்டக்டரை நடுரோட்டில் விட்டுவிட்டு பஸ் போனது.

"யா அல்லாஹ், எம் புள்ள! எம் புள்ள உள்ள இருக்குது!"

அஜீசுன்னிசா என்கிற பெண் அவள். பைகளைக் கீழே வைத்துவிட்டு, மகள் சனாவைத் தூக்கத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். ராஜவேலுவும் ஓடினார். ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து அவளை ஏற்றிக்கொண்டு துரத்தினார். நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தாய்க்காரி அதை வாரி அணைத்துக்கொண்டு, "பாத்து ஊத மாட்டீங்களா? என்ன மனுஷங்க நீங்க?" என்றாள்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்துவிட்டான். பஸ் சிதம்பரம் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்குள் அது எல்லார் போனிலும் ஏறிவிட்டது. குடிபோதையில் கண்டக்டர் என்று ஒரு குரூப்பில். பிள்ளை கடத்தப் பார்த்தான் என்று இன்னொன்றில். தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். "என்னங்க, குடிச்சீங்களா?" பீடிகூடத் தொடாத மனுஷன் அவர். கட்டினவளே கேட்டுவிட்டாளே என்று நெஞ்சு வெந்துபோனது.

டிரைவர் தங்கராசு தமிழ்ச்செல்வியின் அண்ணன். காலி பஸ்ஸில் மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மொதலாளி காரணம் கேக்குறாரு மாப்ள. சரியா சொல்லலன்னா அடுத்த ட்ரிப்புக்கு வேற ஆளப் போட்டுருவாராம். உண்மையச் சொல்லு, என்னதான் ஆச்சு?"

"பயமா இருந்துச்சு மச்சான்."

"எதுக்கு?"

"கூட்டத்தப் பாத்து. ரொம்ப நாளாவே இருக்குது. குடிச்சேன்னு சொல்றாங்க இல்ல, அது கெடையாது. இதுதான் நெசம். அவர்கிட்ட இதையே சொல்லிடு. வேல போனாலும் பரவால்ல, குடிகாரன்ற பேரு மட்டும் வேணாம்."

சிரிப்பார் என்று பார்த்தார். தங்கராசு சிரிக்கவில்லை. அதற்குள் போன் அடித்தது, முதலாளிதான். தங்கராசு எடுத்து, "வயித்தால போயிருக்குது மொதலாளி, காலையிலேர்ந்து. அவசரத்துல எறங்கிட்டாரு. குடியெல்லாம் இல்ல, எந் தங்கச்சி புருஷன் எனக்குத் தெரியாதா? ஆமாங்க. இந்த ட்ரிப்பு அவரே வருவாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ராஜவேலுவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் மச்சான் பொய் சொன்ன? நான்தான் உண்மையச் சொல்லச் சொன்னேனே!"

"சொல்லிட்டா? கண்டக்டருக்கே இப்புடின்னா டிரைவருக்கு எப்புடின்னு அடுத்து என்னையக் கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"ஒனக்கு என்ன?"

தங்கராசு வாசலைப் பார்த்தார். கடலூருக்குப் போகிற கூட்டம் அடித்துப் பிடித்து ஏற ஆரம்பித்திருந்தது. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த கை நடுங்குவதை ராஜவேலு அப்போதுதான் பார்த்தார்.

"நீ எறங்கிட்ட மாப்ள," என்றார் தங்கராசு. "நான் எங்கடா எறங்குவேன்?"