விரலை விடாத கை

கொரோனா முடக்கத்தின்போது, முதியோர் மருத்துவப் பயிற்சிக்காக வத்தேகமவில் ஒரு முதியோர் இல்லத்திலேயே தங்கியிருந்தேன். வெளியாட்கள் யாரும் உள்ளே வர முடியாது.

ஒருநாள், மஹய்யாவையில் லொறி ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் கையுறை போட்ட விரல்களை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார். "இப்ப விடுங்க" என்றேன். விடவேயில்லை. மூளை தேய்வதன் அறிகுறி என்று எழுதிவிட்டு, எனக்குப் பயிற்சி தரும் டாக்டரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன் விடலன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

திரும்பிப் போய்க் கேட்டேன்.

"விட்டா அடுத்த கட்டிலுக்குப் போயிருவீங்கல்ல, டாக்டர்?" என்றார் பெரியவர்.

எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். மறுநாள், பரிசோதிக்க எதுவும் இல்லாமலே விரல்களை நீட்டினேன். அங்கே வந்த இரண்டு மாதத்தில், சோதனைக்காக அல்லாமல் என் கையைப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். "விடுங்க" என்று நான் சொல்லவில்லை.