ஜூலையில் ஆலையில் இல்லாதவர்கள்

பீச் பழத்தைப் பிளந்து கொட்டை எடுக்கும் வரிசையில் ட்ரீக்கா யாஃப்தாவும் மீட்டாவும் அடுத்தடுத்து நின்றவர்கள். பழச்சாறு பட்டு விரலிடுக்கு வெடிக்கும். இருவருக்கும் ஒரே களிம்புதான். பிறகு ட்ரீக்கா நிரந்தர ஊழியரானாள், தொழிற்சங்கப் பிரதிநிதியும் ஆனாள். மீட்டா பருவக் கூலியாகவே இருந்தாள். டிசம்பரில் கூப்பிடுவார்கள், பழம் தீர்ந்ததும் அனுப்பிவிடுவார்கள்.

பழங்களை டின்னில் அடைக்கும் அந்த ஆலையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்க வந்தது. பிரேசிலிலும் இந்தியாவிலும் அதற்குத் தொழில் உண்டு. அந்த இரண்டு நாடுகளோடு ஆலை இருக்கும் நாடும் அனுமதி தர வேண்டும். விசாரணைக்காகத் தலைநகர் பிரிட்டோரியாவுக்கு விமானத்தில் போகும்போது சங்கத்து வக்கீல் ஃபோர்ட்டேன் விளக்கினார்.

"அங்கெல்லாம் சந்தை ஒருத்தன் கையில சிக்கிடுமா, விலை ஏறுமான்னுதான் பார்ப்பாங்க, ஆன்ட்டி. வேலை போகுமான்னும் பார்க்கச் சொல்லுது நம்ம சட்டம். அதான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப அங்க என்னை மாதிரி வேலை செய்யற பிரேசில்காரிய விட நான் பெரிய ஆளுன்னு சொல்லுங்க."

கம்பெனி இணைப்புகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் ட்ரீக்கா நன்றாகவே பேசினாள். அனுமதி கிடைக்கும் நாளில் வேலையில் இருப்பவர் எவரையும் இந்த இணைப்பைக் காரணம் காட்டி மூன்று ஆண்டுகள் நீக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதப்பட்டது. இன்னும் எதையாவது சேர்க்க வேண்டுமா என்று தலைவர் கேட்டார்.

"இதுவே போதுங்க ஐயா."

அது ஜூலை. அங்கே குளிர்காலம், மரங்கள் மொட்டையாக நிற்கும் மாதம். நிரந்தரக்காரர்கள் ஆலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். பருவக் கூலிகள் வீட்டில் இருந்தார்கள். கணக்குப்படி அன்று அவர்கள் வேலையில் இல்லை. முன்பு தானும் ஆண்டுதோறும் பழம் தீர்ந்ததும் வீடு திரும்பிய ட்ரீக்காவுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஊர் திரும்பி, பிரேசில்காரிக்குக் கிடைக்காத கேள்வி நமக்குக் கிடைத்தது என்று சங்கக் கூட்டத்தில் கைதட்டலும் வாங்கிவிட்டாள்.

டிசம்பரில் கொட்டை எடுக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. மீட்டாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் நேரே ட்ரீக்காவின் வீட்டுக்கு வந்தாள். ட்ரீக்கா அவளை உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னாள்.

மீட்டா சிரித்தாள். "அவ்வளவு உசரத்துல பறந்தியே அக்கா, அங்கருந்து பார்த்தா நாங்க தெரியலையா?"

மறைத்திருக்கலாம். ட்ரீக்கா மறைக்கவில்லை. "வேற ஏதாவது சேர்க்கணுமான்னு கேட்டாங்க, மீட்டா. நான்தான் போதும்னுட்டேன்."

சிரிப்பு நின்றது. "அப்ப அந்தப் பிரேசில்காரியும் நானும் ஒண்ணுதான். அவளை யாரும் கேக்கல. என்னைக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லிட்ட."

ட்ரீக்கா ஃபோர்ட்டேனுக்குத் தொலைபேசியில் பேசினாள். "கம்பெனி உத்தரவை மீறலையே ஆன்ட்டி" என்றார் அவர்.

மீட்டா தொலைவிலுள்ள திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குக் கூலியாகப் போனாள். அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. தினமும் ஆலைக்குப் போகுமுன் ட்ரீக்கா மீட்டாவின் வீட்டுக்குப் போய்க் கிழவியைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, துணி மாற்றிவிட்டு வருகிறாள். புண் வரவில்லை. மீட்டா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. அவள் ஊருக்கு வரும் ஞாயிறுகளில் மட்டும் ட்ரீக்கா அந்தப் பக்கம் போவதில்லை.