இடது ஓரத்துப் பரு

துறைமுகப் பக்கம் எல்லோரும் அவரை 'உப்புத்தாள்' என்றுதான் கூப்பிடுவார்கள். பைபர் படகோ பைபர் நாற்காலியோ, பழுதுபார்க்க வந்த எதையும் அவர் வழவழப்பாகத் தேய்க்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. "மாமா தூக்கத்துல தலையணையையும் தேய்க்கிறாராம்" என்பான் மச்சினன், அவர் மனைவியின் தம்பி. அவரும் சிரிப்பார்.

மச்சினன், கடலில் நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீ என்ற நீர் ஸ்கூட்டரில் பந்தயத்துக்குப் போகிறவன். அவன் வாங்கிய பழைய வண்டி ஒவ்வொரு அலையிலும் மூக்கைத் தண்ணீருக்குள் குத்தியது. அந்த மூக்கை மாற்ற உப்புத்தாளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மூக்காக இருக்கும் முன்மூடியை வெட்டுவார், புது வளைவு கொடுத்து பைபர் மேட் என்ற கண்ணாடியிழைப் பாயை விரித்து ரெசின் பசை பூசுவார், காய்ந்ததும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார், திரும்ப வெட்டுவார். பதினோராவது மூடிதான் அலைமேல் ஏறிப் போனது. அதிலிருந்து ஓர் அச்சு எடுத்துப் பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். அவருடைய மற்ற வேலையெல்லாம் யாரோ செய்து உடைந்ததை ஒட்டிக் கொடுத்தது. இது ஒன்றுதான் அவர் தானாக உண்டாக்கியது. மச்சினன் வண்டியைத் தவிர வேறு எதிலும் அந்த மூக்கு ஏறக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

அச்சில் ஒரு குறை இருந்தது. அதில் வார்த்த முதல் மூடியைக் கழற்றும்போது காற்றுக்குமிழி ஒன்று உடைந்து, அச்சில் கடுகளவு பள்ளம் விழுந்துவிட்டது. அடைக்கப் போனால் வளைவு கெட்டுவிடுமோ என்று தொடாமல் விட்டார். அதனால் அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு மூடியிலும் இடது ஓரத்தில் ஒரு பரு நிற்கும். அதைக் கையாலேயே தேய்த்து எடுத்துவிடுவார்.

ஒரு நாள் காலை, முன்பின் தெரியாத ஒருவர் மூக்கு பிளந்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனார். பளபளவென்று நீலப் பெயிண்ட். கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்த கடையில் வாங்கியதாம். உப்பைக் கழுவிக்கொண்டிருந்த உப்புத்தாளின் விரல் இடது ஓரத்தில் தடுக்கியது. ஈர உப்புத்தாளால் பெயிண்டை மட்டும் மெல்லத் தேய்த்து நீக்கினார். பரு அங்கே இருந்தது.

மூன்று மாதமாக மச்சினன் ஓட்டுவது அந்தக் கடை கொடுத்த வண்டியைத்தான். திறமையைப் பார்த்து இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உப்புத்தாள்தான். பட்டறையின் இன்னொரு சாவி இருப்பதும் அவனிடம்தான்.

மத்தியானம் மச்சினனை வீட்டுக்கு வரச்சொல்லி, அச்சைக் கடைக்குக் கொடுத்தது அவனா என்று கேட்டார். அவன் மறுப்பான் என்று நினைத்தார். அவன் மறுக்கவில்லை.

"ரெண்டே நாள் மாமா. நகல் எடுத்துட்டு அப்படியே கொண்டாந்து வெச்சுட்டேன். ஒரு கீறல் விழல."

"நான் நாலு மேட் போடுற இடத்துல அந்தக் கடைக்காரன் ரெண்டுதான் போட்டிருக்கான். அந்தப் பருவைத் தேய்க்கணும்னாவது சொல்லிக் குடுத்திருக்கலாமே, மாப்ள."

சும்மா மூலையில் கிடந்த அச்சு தனக்குப் பிழைக்க ஒரு வழியாக அமைந்தது, அவ்வளவுதான் என்றான் அவன். உப்புத்தாள் கையை நீட்டினார். மச்சினன் தன் வளையத்திலிருந்து பட்டறைச் சாவியைக் கழற்றினான். வளையம் இறுக்கமாக இருந்ததால் நேரம் ஆனது. அந்த இடைவெளியில்தான் உப்புத்தாளுக்கு அது உறைத்தது. மரச்சட்டத்தோடு சேர்ந்த அச்சை ஒற்றை ஆள் தூக்க முடியாது. அவரே ஒருமுறை தூக்க முயன்று முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னொரு பக்கம் யார் புடிச்சது?"

சமையலறை வாசலில் நின்ற மனைவிதான் பதில் சொன்னாள்.

"நான்தாங்க. நீங்க படகு வேலைக்கு வெளியூர் போயிருந்தீங்க. கேட்டா தரமாட்டீங்க. அவனுக்கும் ஒரு பொழப்பு வேணாமா?"

"திரும்ப வெக்கும்போது?"

"அப்பவும் நான்தான்."

வெளியூரிலிருந்து அவர் திரும்பிய வாரம் அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கியதில் பிசகியது என்றாள். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டது அவர்தான். வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கேட்டுத் தேய்த்தார்.

சாவியை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். வண்டிக்காரர் மறுநாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். பிளவின் இரண்டு பக்கத்தையும் சரிவாகத் தேய்த்து, நான்கு மேட் போட்டு, காய்ந்ததும் சமன் செய்து பெயிண்ட் அடித்தார். விரலால் தடவினால் பிளவு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இடது ஓரத்துப் பருவை மட்டும் தேய்க்காமல் அப்படியே விட்டுவிட்டார்.