முதலாளி வீட்டு மாடியில் வில்லியனூர் ஸ்டேஷன்

அப்பாவை நினைத்தால் அவர் தூக்கிய கைதான் முதலில் வருகிறது. முதலாளி வீட்டுப் பின்கட்டில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, வெயிலில் அண்ணாந்து நிற்பார். "தண்ணித் தொட்டி இந்தாண்ட மொதலாளி, சாவடி அதுக்கும் இந்தாண்ட" என்று கையை நீட்டுவார். மாடி ஜன்னலில் முதலாளியின் தலை மட்டும் தெரியும். அந்தத் தலை கொஞ்ச நேரம் மறையும். மறுபடியும் வரும். "தொட்டிக்குக் காலு இரும்பா, கல்லா?" என்று கேட்கும்.

எழுபதுகளில் நடந்தது இது. முதலாளிக்கு வில்லியனூரில் நெல் மண்டி. அங்கே நான் மூட்டை தூக்கினேன். பிரான்சிலிருந்த அவர் மகன் கரண்டில் ஓடும் ஒரு சின்ன ரயிலை அனுப்பியிருந்தான். வேறு ஒருவராக இருந்தால் ஓடவிட்டுப் பார்த்துச் சிரித்திருப்பார். இவருக்கு அது போதவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்து வில்லியனூர் ஸ்டேஷன் அச்சு அசலாக வேண்டும் என்றார். மாடி அறையில் பெரிய பலகை போட்டார். தண்டவாளத்து ஜல்லியை என்னை விட்டே எடுத்துவரச் சொல்லி, இடித்து, அரிசிச் சல்லடையில் சலித்துப் பரப்பினார். இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடத்தை நேரில் பார்த்துச் செய்துகொண்டார். இடித்துப்போட்ட சுங்கச் சாவடிக்கும் சரக்கு லைனுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்தக் காலத்திலேயே அங்கே தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்த என் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்பாவின் ஞாபகம் வீட்டுக்குள் போகலாம். அப்பா போகக்கூடாது. எங்கள் தெரு ஆட்கள் யாரும் அந்தப் பின்கட்டைத் தாண்டியதில்லை. நானும்தான். அதனால் இவர் கீழே, அவர் மேலே. ஒரு ஸ்டேஷனை இப்படிக் கத்திக் கத்தியே கட்டினார்கள். இதற்கு முதலாளி வைத்த பெயர் ஆராய்ச்சி.

அப்பா ஏன் போனார் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவை அவர் முதன்முதலில் பார்த்தது அந்தத் தொட்டியடியில். அம்மா போய்விட்டாள். தொட்டியும் போய்விட்டது. "முடிஞ்சதும் உனக்குத்தான் மொதல்ல காட்டுவேன் கேங்மேன்" என்று முதலாளி ஜன்னலிலிருந்து சொல்லியிருந்தார். அப்பா அதை நம்பினார்.

முடிந்த அன்று மேளம் ஒன்றுதான் இல்லை. மதகடிப்பட்டிலிருந்தெல்லாம் கடைக்காரர்கள் வந்து மாடிக்குப் போனார்கள். அப்பா வெளுத்த சட்டை போட்டுப் பின்கட்டில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். மேலே ரயில் ஓடும் சத்தம் கேட்டது. வந்தவர்களில் வேலை ஓய்ந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் பெருங்குரலில் சிரித்தது கீழே வரை கேட்டது. "இன்னாங்க இது? பாண்டிப் பக்கம் இருந்த சாவடிய விழுப்புரத்துப் பக்கம் கொண்டுபோய் வெச்சிட்டீங்க! தொட்டியும் அங்கயே போயிடுச்சே!"

முதலாளியின் தலை ஜன்னலுக்கு வந்தது. "குடிச்சிட்டு வந்து சொன்னியாடா?" என்றார், எல்லோரும் கேட்க. அப்பா சாராயம் தொடாதவர். நிதானமாகத்தான் கேட்டார். "பலகையில பாண்டி எந்தப் பக்கம் மொதலாளி?" உள்ளே யாரோ, கரண்டு பிளக் மேற்குச் சுவரில் இருப்பதால் பலகையைத் திருப்பிப் போட்டதில் பாண்டியும் மேற்கே போயிற்று என்றார்கள். அப்பா நிஜமான கிழக்கைக் காட்டியிருக்கிறார். முதலாளி அந்தக் கை போன திக்கிலேயே ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். ஒரு தடவை மேலே வந்து பார் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. அது மட்டும் அவர் வாயில் வரவில்லை.

அப்போதும் வரவில்லை. "மண்டியிலேருந்து ஏணியக் கொண்டாடா" என்று என்னிடம் சொன்னார். "ஜன்னல்ல சாத்து. கேங்மேன் வெளியவே நின்னு பாத்து, எது எது எங்கன்னு சரியா சொல்லட்டும்."

கொண்டுவந்து சாத்தினேன். அப்பா ஏணியைப் பார்த்தார். அதன் உச்சியில் இருந்த ஜன்னலைப் பார்த்தார். அதற்கு உள்ளே, கை எட்டும் தூரத்தில், அவருடைய தொட்டி இருந்தது.

"வாசப்படி இருக்கிற வூட்டுக்கு ஏணி எதுக்கு மொதலாளி?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதலாளி பலகையைத் திருத்தவே இல்லை. வேறு யாரையும் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அவர் சாகும்வரை, வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் பழைய வில்லியனூர் என்று காட்டிக்கொண்டிருந்தார்.